மேகப்பெட்டியின் பக்கத்தில்

கறுப்புத் தகட்டில் இன்னும் ஒரு கோடும் விழவில்லை. பிரம்மசக்தி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடித் தொட்டிக்குள் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். மீன் வளர்க்கிற தொட்டிதான், கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். மேலே ஸ்பிரிட்டில் நனைத்த கம்பளித்துணி, கீழே கறுப்புத் தகடு, தகட்டுக்கு அடியில் டிரை ஐஸ், தொட்டால் தோலே விறைத்துப்போகிற குளிர். துணியிலிருந்து இறங்குகிற ஆவி தகட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அந்தக் குளிரில் அப்படியே தொங்கி நிற்கும். அந்த நேரம் வானத்திலிருந்து வருகிற துகள் ஒன்று கூரையைத் துளைத்து, கண்ணாடியைத் துளைத்து உள்ளே பாய்ந்தால் அது போன வழியில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்துவிடும். புத்தகத்தில் இதற்கு வேறு பெயர் உண்டு. இயற்பியல் மன்றத்துப் பிள்ளைகளுக்கு இது மேகப்பெட்டி. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களை அழைத்து மன்றம் வருஷத்துக்கு ஒரு நாள் நடத்துகிற கண்காட்சியில் இந்த இருட்டறை அவள் பொறுப்பு. வெளியே வராந்தாவில் வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் சத்தம் கதவுக்கு அடியில் கசிந்து வந்தது. கோடு விழவில்லையென்றால் மானம் போகும். போன வாரம்வரை அதை நினைத்தாலே பயமாக இருந்தது. இப்போது பயமில்லை. இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிக்கூடப் பார்த்தாள். இல்லை. தொட்டிக்குள் தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது, மிகச் சின்னத் தூறல், சத்தமில்லாதது. கதவு இடுக்கில் ரெக்ஸ்லினின் தலை நீண்டது. மன்றத்துச் செயலாளர் அவன், காலையிலிருந்து தொண்டை கட்டிப்போயிருந்தது. “மக்கா, வெளியில ரெண்டு ஸ்கூல் நிக்குது. வருமா வராதா, ஒண்ணு சொல்லு” என்றான். “வரும். தகடு குளுரணும்” என்றாள். “எப்போ?” “குளுந்த பெறவு.” அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

தகடு குளுரணும் என்று சொன்ன குரல் தன் குரல்தானா என்று இருந்தது. காலையில் ஆஸ்பத்திரியிலும் இதே குரல்தான் சரி மேடம், சரி மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தோல் பிரிவு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “தொழுநோய்மா, ஆரம்பக் கட்டம்” என்றார். ஆரம்பக் கட்டம் என்பதுதான் முதலில் காதில் விழுந்தது. தொழுநோய் என்பது கொஞ்சம் பிந்தி விழுந்தது. அது பாடப்புத்தகத்து வார்த்தை, ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருக்கிற வார்த்தை, அதற்கு உடம்பு கிடையாது. உடம்பு உள்ள வார்த்தை வேறு ஒன்று. அம்மா கோபத்தின் உச்சியில் வாயில் எடுக்கிற வார்த்தை, பாத்திரம் கழுவாமல் கிடந்தால், தம்பியை அடித்தால், அந்தக் கையில குஷ்டம் வர என்று. அம்மா அதை அர்த்தத்தோடு சொன்னதில்லை. தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற மாதிரி அது பாட்டுக்கு வெடிக்கும், அடுத்த நிமிஷம் சாப்பிடக் கூப்பிடுவாள். சின்னதில், திருச்செந்தூர்க் கோயிலுக்குப் போகிற வழியில் அந்த நோய் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், துணி சுற்றிய கைகளோடு, விரல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் இல்லாமல். அம்மா இவள் தோளைப் பிடித்து மறுபக்கம் தள்ளிக்கொண்டே நடப்பாள், பார்க்காத, பார்க்காத. பார்க்காமல் எப்படி இருக்க முடியும். ஒரு ஆள் இவளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தாரா, முகமே அப்படித்தானா, இன்றுவரை தெரியாது. டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார், அந்தக் காலம் இல்லம்மா இது, ஆறு மாசம் மாத்திரை, முழுசாச் சரியாயிரும், விரலெல்லாம் ஒண்ணும் ஆகாது, சீக்கிரமே வந்துட்ட. முதல் வேளையை அவர் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். சிவப்புக் கேப்சூல். “யூரின் செவப்பாப் போகும், பயந்துராத.” மத்தியானம் டிபார்ட்மென்ட் கழிப்பறையில் அது சிவப்பாகத்தான் போயிற்று. பார்த்துக்கொண்டு நின்றாள். பயமில்லை. சிவப்பு என்று மட்டும் தோன்றியது. வெளியே யாரோ கதவைத் தட்டியபோதுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நினைவு வந்து, ஊற்றி, பிறகு தரையெல்லாம் கழுவி, மறுபடியும் கழுவி.

இடது கையின் சட்டைக் கை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டிருந்தது. மன்றத்து டி-ஷர்ட்டுக்கு உள்ளே முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். யாரும் கேட்டால் டிரை ஐஸ் குளிர் என்று சொல்ல வேண்டும், யாரும் கேட்கவில்லை. தோலில் அந்தப் படை எப்போது வந்தது என்று சொல்லத் தெரியாது, முழங்கைக்குக் கீழே வெளிப்புறம், உள்ளங்கை அகலம், கொஞ்சம் வெளிறி. தேமல் என்றாள் அம்மா, குப்பைமேனி அரைத்துப் போடு என்றாள். இவள் போட்டுக்கொண்டே பரீட்சை எழுதினாள், தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறினாள், மன்றத்து ஆட்களோடு வேனில் போய்ப் பள்ளிக்கூடத்து மைதானங்களில் தண்ணீர் ராக்கெட் விட்டாள். மன்றம் இல்லையென்றால் இது தெரிந்தே இருக்காது. இந்த மேகப்பெட்டியை ஓடவைக்க எத்தனை நாள் மல்லுக்கட்டினார்கள், துணி மாற்றி, தகடு மாற்றி, ஒரு கோடும் வராமல். ஒரு நாள் டிரை ஐஸை உடைத்துப் பரப்பும்போது, கையுறைக்கு மேலே முழங்கைப் பக்கம் ஒரு துண்டு தங்கிவிட்டது. அவள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நூர்நிஷாதான் கத்தினாள், ஏட்டி கை, ஏட்டி கைய உதறு. நூர்நிஷா அவளுடைய அறைத்தோழி, அதே வகுப்பு, மன்றத்துக்கு இவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தவள். உதறிவிட்டுப் பார்த்தால் தோல் வெள்ளையாக விறைத்துப்போயிருந்தது. சாயங்காலம் கொப்புளம். வலிக்கவே இல்லையா என்று எல்லோரும் கேட்டார்கள், இல்லையே என்று இவள் பெருமையாகச் சொன்னாள். பெருமையாக. அதை நினைக்கும்போதுதான் எங்கேயோ தூரத்தில், வேறு யாருக்கோ, கூசியது. மறுநாளே ரெக்ஸ்லின் முழங்கைவரை மூடாமல் யாரும் டிரை ஐஸைத் தொடக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினான். கொப்புளத்துக்கு மருந்து வாங்க அவள் போன இடத்தில் வளாகத்து டாக்டர் கொப்புளத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த வெளிறலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில காட்டு, தள்ளிப் போடாத என்றார். தள்ளித்தான் போட்டாள். கண்காட்சி முடியட்டும் என்று நினைத்தாள், அப்புறம் கண்காட்சி அன்றைக்குக் காலையிலேயே எதற்கென்று தெரியாமல் எழுந்து பஸ் ஏறினாள்.

மடியில் போன் அதிர்ந்தது. அம்மா. இருட்டுக்குள் அந்த வெளிச்சம் தொட்டியின் கண்ணாடியில் விழுந்து அம்மாவின் படம் தலைகீழாகத் தெரிந்தது. எடுக்காவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாள். “போனியா?” என்றாள் அம்மா. “போனேன்.” “என்ன சொன்னாவ?” “தேமல்தான்னாங்க.” வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. “நாந்தான் சொன்னேம்லா, ஊசி கீசி போட்டாவளா?” “மாத்திரை.” “சாப்பிட்டுட்டுப் போடு, வெறும் வயித்துல போட்டுறாத. தம்பி உன்ட்ட பேசணுங்கான்.” தம்பி வாங்கி, அக்கா அந்த மேகப்பெட்டி வீடியோ அனுப்பு என்றான், அம்மா பின்னாலிருந்து எதையோ சொன்னாள், குக்கர் விசில் அடித்தது. வீட்டில் உள்ளவங்களையும் ஒரு தடவை பார்த்துரணும்மா என்று டாக்டரம்மா சொன்னது அந்த விசிலுக்குள் கேட்டது. வீட்டில் உள்ளவர்கள். தம்பி இவள் கையில் தலைவைத்துத் தூங்குவான், சின்னதில். இப்போதும் லீவுக்குப் போனால் டிவி பார்க்கும்போது சாய்வான். இடது கை. இது பல வருஷம் எடுக்கும் வெளியே தெரிய என்றார் டாக்டரம்மா, எப்போ வந்ததோ, யார்ட்ட இருந்து வந்ததோ, தேடாதே, கிடைக்காது. தேடாதே என்றால் தேடாமல் இருக்க முடியுமா. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கைகள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், டியூஷன் வாத்தியார், ரேஷன் கடையில் முன்னால் நின்ற யாரோ. முகங்கள் ஒரு சுற்று வந்து அந்தக் கோயில் வழி மனிதரின் சிரிப்பில் வந்து முட்டும். அவர் தூரத்தில்தானே இருந்தார், தொடக்கூட இல்லையே, என்று அவருக்காக வழக்காடி, மறுபடியும் முதல் முகத்திலிருந்து ஆரம்பிப்பாள். “சரிக்கா வைக்கேன்” என்றான் தம்பி. வைத்தபிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

முதல் கோடு விழுந்தது. மெலிந்து, நேராக, தகட்டின் ஒரு மூலையிலிருந்து குறுக்கே. அடுத்து இன்னொன்று. பிறகு குட்டையாய்த் தடித்த ஒன்று, காற்றில் இருக்கிற ரேடான் என்கிற கதிரியக்க வாயுவிலிருந்து வருவது. அவள் எழுந்து கதவைத் திறந்து ரெக்ஸ்லினிடம் அனுப்பு என்றாள், அவன் கை இரண்டையும் தூக்கிக் கும்பிட்டான், யாரை என்று தெரியவில்லை. பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்து, இருட்டைப் பார்த்ததும் சத்தம் அடங்கி, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு தொட்டியைச் சுற்றி நின்றார்கள். எண்ணெய் தேய்த்த தலைகளின் வாசனை, வேர்வை, ஸ்பிரிட். அவர்கள் நெருங்க நெருங்க அவள் முக்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய்ச் சுவரில் முட்டினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மாத்திரை ஆரம்பிச்சாச்சுன்னா உன்கிட்ட இருந்து யாருக்கும் பரவாது என்று டாக்டரம்மா சொன்னது தெரிந்துதான் இருந்தது, கைக்குத் தெரியவில்லை. இது மியுவான், இது மேலே வானத்துல இருந்து வருது, நாம இங்க பேசிட்டு இருக்கும்போதே உங்க கை வழியாவும் போய்க்கிட்டு இருக்கு என்று மனப்பாடமாகச் சொன்னாள். எல்லோரும் தங்கள் கைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். “எங்க இருந்துக்கா வருது?” “எங்கயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கும். எதுன்னு சொல்ல முடியாது.” ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் தொட்டியை விட்டுவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம மேல படும்போது ஏங்க்கா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது? வலிக்கணும்லா?” என்றாள். படிப்பில் இதற்குப் பதில் உண்டு, ஆற்றல், மோதல், அளவு. “தெரியல” என்றாள் பிரம்மசக்தி. அந்தப் பெண் தலையாட்டினாள், சமாதானமான மாதிரிதான் இருந்தது. ஆசிரியை அவசரப்படுத்த, கூட்டம் வந்த வழியே தள்ளிக்கொண்டு வெளியே போயிற்று. அறை மறுபடியும் பெரிதாயிற்று.

உங்கூட ரூம்ல இருக்கிற பிள்ளையக் கூட்டிட்டு வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு தடவை பார்த்துட்டு, வராமத் தடுக்க ஒரு வேளை மாத்திரை கொடுத்துருவோம், அவ்வளவுதான். அவ்வளவுதான். நூர்நிஷாவிடம் எப்படிச் சொல்வது. நூரு, ஒண்ணு சொல்லணும். வேண்டாம், அப்படி ஆரம்பித்தால் காதல் விஷயம் என்று நினைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். நூரு, நாளைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வாரியா. துணைக்கு என்று நினைத்து வருவாள், அங்கே வைத்து டாக்டரம்மாவே சொல்லட்டும். அது நல்லது. அது நல்லதில்லை. இரண்டு வருஷமாக ஒரே சீப்பு. மழை நாளில் ஜன்னல் ஒழுகுகிற இவள் கட்டிலை விட்டு நூர்நிஷாவின் கட்டிலில் இருவரும் நெருக்கிப் படுப்பது. ரமலானில் மெஸ் திறக்காத விடிகாலையில் அவள் நோன்புக்காக எழுந்து சாப்பிடும்போது இவளையும் எழுப்பி அதே டப்பாவிலிருந்து ஊட்டிவிட்டது, தூக்கக் கலக்கத்தில் என்ன என்றுகூடத் தெரியாமல் தின்றது. அத்தனை இடத்திலும் அந்தக் கை இருந்திருக்கிறது. சொல்லாமலே இருந்துவிட்டால். மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டால், ஆறு மாசம், படிப்பும் முடிந்துவிடும், ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள். பிறகு ஒருநாள் எங்கோ ஒரு ஊரில் நூர்நிஷா தன் கையைப் பார்த்துத் தேமல் என்று நினைப்பாள். அந்த இடம் வந்ததும் நினைப்பு நின்றுபோனது. நூரு, ஒண்ணு சொல்லணும். மறுபடியும் அங்கிருந்து.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு நூர்நிஷாவே வந்தாள், இரண்டு கையிலும் பேப்பர் கப்பில் டீ. “இன்னொரு ஸ்கூல் சாப்பிட்டுட்டுத்தான் வருமாம், மூச்சு விட்டுக்கோ” என்று சொல்லிப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். தன் கப்பில் சீனி இல்லை என்று சொல்லி சக்தியின் கப்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சக்தி அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். “ஏட்டி, காலையில ஆஸ்பத்திரிக்குப் போனியே, கேக்கவே மறந்துட்டேன். என்னவாம்?” நூர்நிஷாவின் கை சக்தியின் முழங்கால்மேல் இருந்தது, பேசும்போது எப்போதும் அவள் வைத்துக்கொள்கிற மாதிரி. “தொழுநோய்” என்றாள் சக்தி. மியுவான் என்று பிள்ளைகளிடம் சொன்ன அதே குரல். “சும்மா கெடட்டி” என்று சிரித்தாள் நூர்நிஷா. சிரிப்பு பாதியில் நின்றது. முழங்கால்மேல் இருந்த கை இப்போது அங்கே இல்லை, துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் மடியில் இருந்தது. சக்தி அதைப் பார்த்தாள். வலிக்கவில்லை. நானும் எடுத்திருப்பேன் என்று தோன்றியது, அவ்வளவுதான். நூர்நிஷாவும் தன் கையைப் பார்த்தாள், அது எப்போது மடிக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. “நான் இப்போ உன் கப்புல குடிச்சேன்” என்றாள் மெதுவாக. “அதுல வராது. மாத்திரையும் ஆரம்பிச்சாச்சு.” “எனக்கு இருக்குமா?” “தெரியல. நாளைக்கு உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.” “எங்க உம்மாக்குத் தெரிஞ்சா நாளைக்கே வந்து பெட்டியக் கட்டிருவாங்க சக்தி. படிப்பு போச்சு. அவ்வளவுதான், போச்சு.” “யார்ட்டயும் சொல்ல வேண்டாம். நானும் எங்க அம்மாட்ட சொல்லல.” “சொல்லாம எப்டி இருப்ப நீ?” என்று நூர்நிஷா திடீரென்று கோபமாகக் கேட்டாள், கோபம் எதன்மேல் என்று இருவருக்கும் தெரியவில்லை. தொட்டிக்குள் ஒரு கோடு விழுந்து கலைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், டீ ஆறிக்கொண்டிருந்தது.

“எப்டிப் பாப்பாங்க? ஊசியா?” என்றாள் நூர்நிஷா. “இல்ல. பஞ்சு. கண்ண மூடச் சொன்னாங்க. பஞ்ச வச்சுத் தொடுவேன், தொடும்போதெல்லாம் ம் சொல்லுன்னாங்க.” “சொன்னியா?” சக்தி தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். “மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரமா அவங்க ஆரம்பிக்கவே இல்ல. ஃபேன் ஓடுத சத்தம் கேக்குது, பக்கத்து ரூம்ல யாரோ இருமுதாங்க. எப்போ மேடம் ஆரம்பிப்பீங்கன்னு கேட்டேன். முடிச்சிட்டேன்மான்னாங்க.” சொல்லி முடித்ததும் தாடை நடுங்க ஆரம்பித்தது. குளிராக்கும் என்று நினைத்தாள். பல் பல்லோடு தட்டியது, நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. நூர்நிஷா எழுந்தாள். போகப்போகிறாள் என்று சக்தி நினைத்தாள். அவள் மேஜையில் ஸ்பிரிட்டுக்கு வைத்திருந்த பஞ்சுப் பொட்டலத்திலிருந்து ஒரு விரற்கடை கிள்ளி, அதைத் திரித்து, கொண்டுவந்து சக்தியின் கையில் கொடுத்தாள். முக்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள். “நாளை வரைக்கும் என்னால இருக்க முடியாது. பாரு” என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “நான் டாக்டரா?” “பாருட்டி.” நீட்டிய கை ஆடிக்கொண்டே இருந்தது. அது ஆடாமல் இருக்க அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. சக்தி தன் இடது கையைச் சற்று நேரம் மடியிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு எடுத்து, நூர்நிஷாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நூர்நிஷாவின் தோள் ஒரு தடவை விறைத்தது. மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, சூடாக, உள்ளே துடித்துக்கொண்டு. “ம்” என்றாள் நூர்நிஷா. “இன்னும் தொடவே இல்ல.” மூடிய கண்ணோடு நூர்நிஷாவின் உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. “சரி, தொடு.” வெளியே ரெக்ஸ்லின் கதவைத் தட்டி, “மக்கா, அடுத்த ஸ்கூல் வந்தாச்சு, அனுப்பவா?” என்றான். “இரு” என்றாள் சக்தி. இவ்வளவு சத்தமாக அவள் காலையிலிருந்து பேசவில்லை. பஞ்சின் நுனியை முழங்கைக்குக் கீழே, ரோமம் மட்டும் அசைகிற அளவுக்கு வைத்தாள். “ம்.” அதற்கு மேலே. “ம்.” மடிப்பில். “ம்.” வைக்காமல் சற்று நேரம் சும்மா இருந்தாள், நூர்நிஷாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். தோளுக்குப் பக்கத்தில் வைத்தாள். “ம்” என்றாள் நூர்நிஷா, கண்ணைத் திறக்காமலே மற்ற கையின் சட்டையையும் ஏற்றிவிட்டுக்கொண்டு, “இந்தக் கையும் பாரு” என்று நீட்டினாள்.